பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபைபர் படகுகளின் பின்பலகையில் மாட்டப்படும் பழைய மோட்டார்களைப் பற்றி, பட்டறைக்கு வருபவர்களும் தொலைபேசியில் அழைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். 8 முதல் 40 குதிரைத்திறன் வரை உள்ள, கார்புரேட்டர் வைத்த, கயிறு இழுத்து இயக்கும் டூ ஸ்ட்ரோக் மோட்டார்களுக்கு மட்டுமே இது பொருந்தும். தூத்துக்குடி, இராமநாதபுரம் கரைகளிலும், அக்கரையில் மன்னார், யாழ்ப்பாணம் பக்கத்திலும் இவ்வகை மோட்டார்கள் இன்னும் ஏராளமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டாரும் கணினிப் பெட்டி வைத்த புதிய மோட்டாரும் வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லாப் பதில்களுக்கும் அடியில் இருப்பது ஒரே முறைதான்: முதலில் சோதிக்க வேண்டும், பிறகே பிரிக்க வேண்டும். நடுக்கடலில் நின்றுபோன இஞ்சினை இறங்கித் தள்ள முடியாது என்பதால், ஊகத்தில் ஒரு பாகத்தை மாற்றிவிட்டுக் கடலுக்குப் போவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இருபது வருஷத்துக்கு மேல ஆன மோட்டார். இதுக்குக் காசு செலவு பண்ணலாமா, இல்ல வித்துட்டு வேற பாக்கலாமா?

வயதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். மூன்று விஷயங்களைப் பாருங்கள்: சிலிண்டர்களின் கம்ப்ரஷன் (பிஸ்டன் உள்ளே உண்டாக்கும் அழுத்தம்) எப்படி இருக்கிறது, அலுமினிய உடல் உப்பில் எவ்வளவு அரித்திருக்கிறது, உதிரி பாகம் கிடைக்கிறதா. கம்ப்ரஷன் நன்றாக இருந்து, நீர் செல்லும் வழிகள் உதிர்ந்து போகாமல் இருந்தால், மற்ற அனைத்தையும் சீர்செய்துவிடலாம். பிளாக்கின் நீர்வழி அரித்து ஓட்டையாகிவிட்ட மோட்டாருக்குச் செலவழிக்கும் பணம் பெரும்பாலும் வீண்.

உதிரி பாகத்தைப் பொறுத்தவரை, யமஹா எண்டியூரோ போன்ற மாடல்கள் நீண்ட காலம் அதிக மாற்றமின்றி வந்ததால் நம் கரைகளில் அவற்றுக்குப் பாகம் எளிதாகக் கிடைக்கிறது. எவின்ரூட், ஜான்சன் மோட்டார் வைத்திருப்பவர்களின் நிலை வேறு. அவற்றைச் செய்துவந்த அமெரிக்க நிறுவனம் 2000ஆம் ஆண்டின் இறுதியில் திவாலானது. பிறகு அந்தப் பெயர்களை வாங்கிய நிறுவனமும் 2020இல் எவின்ரூட் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அத்தகைய மோட்டாரை வாங்கும் முன் இம்பெல்லர் (குளிர்விக்கும் நீரை ஏற்றும் ரப்பர் இறகுச் சக்கரம்), பிக்கப் காயில் (பொறிக்குச் சமிக்ஞை தரும் கம்பிச்சுருள்), கியர் பெட்டி சீல் ஆகியவை கைக்குக் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுப் பணம் கொடுங்கள். மாடல் எண்ணும் வரிசை எண்ணும் பின்பலகையைக் கவ்வும் பிராக்கெட்டில் ஒரு தகட்டில் இருக்கும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் தவறான பாகம் வாங்குவது குறையும்.

கயிறு இழுத்து இழுத்துக் கை ஓஞ்சு போச்சு, ஸ்டார்ட் ஆகவே மாட்டேங்குது. எங்க இருந்து பாக்க ஆரம்பிக்கிறது?

பாதுகாப்புக் கயிற்றின் கிளிப் (இதை எடுத்தால் பொறி நின்று இஞ்சின் அணையும்) தன் இடத்தில் இருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா, டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, பெட்ரோல் குழாயின் இரு முனைகளும் சரியாகப் பூட்டியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பட்டறை வரை தூக்கி வரப்படும் மோட்டார்களில் சில இந்த நான்கில் ஒன்றால் நின்றவையாகவே இருக்கின்றன. அதன்பின் பெட்ரோல் குழாயில் உள்ள ரப்பர் பல்பை இறுகும்வரை அழுத்தி, குளிர்ந்த இஞ்சின் என்றால் சோக்கை இழுத்து, ஐந்தாறு முறை கயிற்றை இழுங்கள்.

அப்போதும் எழவில்லை என்றால் பிளக்குகளைக் கழற்றி முனையைப் பாருங்கள். வழி இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. முனை காய்ந்திருந்தால் எரிபொருள் சிலிண்டருக்கு வரவில்லை என்று பொருள். பல்பு, பெட்ரோல் பம்ப், கார்புரேட்டர் பற்றிய கேள்விகளுக்குப் போங்கள். முனை நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் எரிபொருள் வந்துவிட்டது, நெருப்புப் பொறிதான் வரவில்லை அல்லது போதவில்லை. அடுத்த இரண்டு கேள்விகளைப் படியுங்கள். நீர்த்துளி தெரிந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கலாம் அல்லது ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம்.

பிளக் நனைஞ்சே இருக்கு. துடைச்சுப் போட்டாலும் மறுபடி நனையுது.

சோக்கை இழுத்தபடியே அதிக நேரம் முயன்றதால் பெட்ரோல் நிறைந்திருக்கலாம். பிளக்குகளைக் கழற்றி, எரிபொருள் குழாயைப் பிரித்து, பாதுகாப்புக் கிளிப்பையும் எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து பத்துப் பதினைந்து முறை கயிற்றை இழுத்தால் உள்ளே தேங்கியது வெளியேறும். காய்ந்த பிளக்கைப் பூட்டி, சோக் இல்லாமல் முயலுங்கள்.

சோக்கைத் தொடாமலே நனைகிறது என்றால், கார்புரேட்டரில் மிதவையோடு இயங்கும் ஊசி சரியாக மூடவில்லையா என்று பாருங்கள். பல்பை அழுத்தும்போது கார்புரேட்டர் வாயிலிருந்து பெட்ரோல் சொட்டினால் பழுது அங்கேதான். சொட்டவில்லை என்றால் பொறியைச் சோதியுங்கள்.

கரண்டு வருதா இல்லையான்னு வீட்டிலேயே எப்படிப் பாக்குறது?

இஞ்சினின் மேல்மூடியைக் கழற்றிச் சிறிது நேரம் காற்றாட விட்டு, சுற்றிலும் திறந்த பெட்ரோல் இல்லை என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே இதைச் செய்ய வேண்டும். கழற்றிய பிளக்கை அதன் தொப்பியில் செருகி, பிளக்கின் இரும்பு உடல் சிலிண்டர் ஹெட்டின் வெறும் உலோகத்தில் அழுத்தமாகப் படுமாறு, பிளக் துளையிலிருந்து தள்ளி வையுங்கள். தொப்பியைக் கையால் பிடிக்கக் கூடாது. பாதுகாப்புக் கிளிப் பூட்டியிருக்கக் கயிற்றை வேகமாக இழுத்தால் நீலநிறப் பொறி சடசடவென்று தாவ வேண்டும். மஞ்சளாக, மெலிதாக, விட்டுவிட்டு வந்தால் அது போதாது. கடையில் கிடைக்கும் பொறி சோதிப்பான் இன்னும் நல்லது. பிளக்கின் சிறு இடைவெளியைத் தாண்டும் பலவீனமான பொறி, 6 மில்லிமீட்டருக்கு மேல் திறந்து வைத்தால் தாண்டாது, அதனால் ஏமாற வழியில்லை.

எந்தச் சிலிண்டரிலும் பொறி இல்லை என்றால், முதலில் நிறுத்தும் சுவிட்சை ஐயப்படுங்கள். சிடிஐ வகை மோட்டார்களில், அதாவது பொறியை ஒரு மின்னணுப் பெட்டி உண்டாக்கும் மோட்டார்களில், அந்த சுவிட்ச் பொறியை உடலோடு இணைத்து அணைக்கிறது. உப்பு ஏறிய சுவிட்ச் எப்போதுமே இணைந்த நிலையில் நின்றுவிடும். சுவிட்சிலிருந்து சிடிஐ பெட்டிக்குப் போகும் கம்பியின் இணைப்பை மட்டும் பிரித்துவிட்டுச் சோதியுங்கள். பொறி வந்துவிட்டால் சுவிட்சை மாற்றினால் போதும். இணைப்பு பிரிந்திருக்கும்போது இஞ்சின் எழுந்தால் சுவிட்சால் அதை அணைக்க முடியாது, சோக்கை இழுத்தே அணைக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். அப்படியே கடலுக்குப் போகவும் கூடாது.

ஒரு சிலிண்டரில் மட்டும் பொறி இல்லை என்றால், இரு சிலிண்டருக்கும் தனித்தனிக் காயில் உள்ள மாடலில் காயில்களை இடம் மாற்றிப் பாருங்கள். பழுது காயிலோடு சேர்ந்து இடம் மாறினால் குற்றவாளி அதுதான். மாறவில்லை என்றால் ஃபிளைவீலுக்கு அடியில் உள்ள காயில்களை மல்டிமீட்டரில் அளந்து, உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள ஓம் அளவோடு ஒப்பிடுங்கள். சிடிஐ பெட்டி விலை அதிகம். மற்ற எல்லாவற்றையும் அளந்து தள்ளிய பிறகே அதை வாங்குங்கள். மிகப் பழைய மோட்டார்களில் சிடிஐக்குப் பதில் பாயின்ட்டும் (திறந்து மூடும் மின் தொடுமுனை) கண்டன்சரும் இருக்கும். பாயின்ட் முகத்தை மெல்லிய அரத்தால் தேய்த்து, இடைவெளியைச் சரிசெய்தாலே பல நேரம் பொறி திரும்பிவிடும்.

பிளக் எந்த நம்பர் போடணும்? கடைக்காரர் எல்லாம் ஒண்ணுதான்னு சொல்றாரு.

எல்லாம் ஒன்றல்ல. மோட்டாரின் கையேட்டில் அல்லது மூடியின் உட்பக்க ஒட்டுத்தாளில் உள்ள எண்ணையே போடுங்கள். என்ஜிகே பிளக்கில் பி7எச்எஸ் என்றால் 7 என்பது வெப்ப அளவு. எண் கூடக்கூட பிளக் குளிர்ச்சியானது. கடைசியில் 10 என்று சேர்ந்திருந்தால் இடைவெளி 1.0 மில்லிமீட்டர். தேவையைவிடச் சூடான பிளக்கைப் போட்டு முழு வேகத்தில் ஓட்டினால் பிஸ்டன் தலை உருகும் அபாயம் உண்டு.

பிளக் முனையின் நிறம் இஞ்சினின் உடல்நிலையைச் சொல்லும். வெளிர் பழுப்பு நல்லது. கறுத்து எண்ணெய் படிந்திருந்தால் எண்ணெய் கூடுதல், சோக் சரியாகத் திறக்கவில்லை அல்லது பொறி பலவீனம். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைந்து சூடேறுகிறது. உடனே நிறுத்திக் காரணம் தேடுங்கள். வெளுப்பில் பளபளக்கும் சின்னப் பொட்டுகள் ஒட்டியிருந்தால் அவை பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம். அந்த மோட்டாரை அதற்கு மேல் ஒரு முறைகூட இயக்காமல் ஹெட்டைத் திறக்க வேண்டும்.

ரப்பர் பல்பு எத்தனை தடவை அழுத்தினாலும் இறுக மாட்டேங்குது.

பல்பின் மேல் உள்ள அம்பு இஞ்சினை நோக்கி இருக்கிறதா என்று பார்த்து, அந்த முனை மேலே இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்து அழுத்துங்கள். அதனுள் உள்ள வால்வுகள் நிமிர்ந்திருக்கும்போதுதான் ஒழுங்காக மூடும். அப்போதும் இறுகவில்லை என்றால் டேங்குக்கும் பல்புக்கும் இடையில் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது பல்பின் வால்வு போய்விட்டது. இணைப்பு முனைகளில் உள்ள சிறு ஓ வளையங்கள் வெயிலில் வெடித்திருப்பது வழக்கம். மாறாக, ஓடும்போது பல்பு உள்வாங்கிச் சப்பையாகிறது என்றால் காற்றுத் திருகு மூடியிருக்கிறது அல்லது டேங்கின் அடியில் உள்ள வலை அடைத்திருக்கிறது.

பத்து நிமிஷம் நல்லா ஓடுது, அப்புறம் தானா அணையுது. கொஞ்ச நேரம் கழிச்சு இழுத்தா மறுபடி ஓடுது.

அணையத் தொடங்கும் அந்த நொடியில் ஒருவர் பல்பை அழுத்திப் பார்க்கட்டும். அழுத்தியதும் இஞ்சின் பிடித்துக்கொண்டால் பழுது எரிபொருள் வரத்தில் இருக்கிறது: முந்தைய பதிலில் சொன்ன காரணங்கள், வடிகட்டி, அல்லது பெட்ரோல் பம்பின் ஜவ்வு. இந்தப் பம்ப் கிராங்க் அறையின் அழுத்தத் துடிப்பால் இயங்குகிறது. ஜவ்வு விறைத்தாலோ ஊசிமுனைத் துளை விழுந்தாலோ அதிக வேகத்தில் பெட்ரோல் போதாமல் போகும். அதன் பழுதுபார்ப்புப் பொட்டலம் மலிவானது. பழைய மோட்டார் வாங்கியவுடன் மாற்றிவிடுவது நல்லது.

பல்பை அழுத்தியும் அணைந்தால், சூடு ஆறுவதற்கு முன்பே பொறியைச் சோதியுங்கள். குளிர்ந்தபோது நன்றாக இருந்து சூடானதும் உள்ளுக்குள் அறுந்துபோகும் காயில்கள் உண்டு. கரைக்கு வந்து ஆறிய பின் அளந்தால் எல்லாம் சரியாகவே காட்டும். கூடவே, இஞ்சினைக் குளிர்விக்கும் நீர் வெளித்துளையில் சரியாகப் பீச்சுகிறதா என்றும் பாருங்கள். சூடேறிப் பிஸ்டன் இறுகுவதாலும் இஞ்சின் இதே போல் அணைந்து, ஆறியதும் எழும்.

சோக் போட்டாத்தான் ஓடுது, சோக்கைத் தள்ளினா நின்னுருது. கார்புரேட்டரை நானே கழுவலாமா?

கழுவலாம். சோக்கோடு மட்டும் ஓடுகிறது என்றால் பெட்ரோல் செல்லும் வழி சுருங்கியிருக்கிறது. ஸ்லோவில் அணைந்துபோய், வேகத்தில் மட்டும் ஓடினால் அடைத்திருப்பது சின்ன ஜெட் (ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பாகம்). ஸ்லோவில் ஓடி, முறுக்கும்போது திணறினால் பெரும்பாலும் பெரிய ஜெட். பல மாதம் ஓடாமல் கிடந்த மோட்டாரின் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் தேன் நிறத்தில் பிசினும், பித்தளை ஜெட்டின் வாயில் பச்சைப் பொருக்கும் தெரியும். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். துளை வட்டமாக, விளிம்பு கூராகத் தெரிந்தால்தான் அது சுத்தம். ஒளி தெரிகிறது என்பது மட்டும் போதாது.

ஜெட் துளையில் ஊசியோ இரும்புக் கம்பியோ விடாதீர்கள். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் அளவு கெட்டுவிடும். கார்புரேட்டர் கழுவும் திரவத்தில் ஊற வைத்து, காற்றழுத்தத்தால் ஊதுங்கள். ஸ்லோ ஓட்டத்துக்கான சிறு துளைகளை இரு பக்கமிருந்தும் ஊத வேண்டும். ஸ்லோ திருகைக் கழற்றும் முன் அதை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, பூட்டும்போது அதே அளவுக்குத் திரும்ப வெளியே திருகுங்கள். இரு கார்புரேட்டர் உள்ள மோட்டாரில் ஒன்றை மட்டும் கழுவிப் பயனில்லை. கேஸ்கட் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம். அங்கே காற்று இழுத்தால் செய்த வேலை முழுவதும் கெடும்.

பெட்ரோலுக்கு எண்ணெய் எவ்வளவு கலக்கணும்? பைக்குக்கு ஊத்துற டூ டி எண்ணெயே போதுமா?

1980களுக்குப் பிந்திய பெரும்பாலான மோட்டார்களுக்கு 50க்கு 1, அதாவது 10 லிட்டருக்கு 200 மில்லி. அதற்கு முந்தியவற்றில் பலவற்றுக்கு 25க்கு 1, அதாவது 400 மில்லி வரை தேவைப்படும். உங்கள் மாடலின் தகவலையே பின்பற்றுங்கள். பிஸ்டன், ரிங் மாற்றிய மோட்டாருக்குத் தொடக்க மணி நேரங்களில் எண்ணெயை இரட்டிப்பாக்குவது வழக்கம்.

பைக் எண்ணெய் வேண்டாம். அது காற்றால் குளிரும், அதிகச் சூட்டில் ஓடும் இஞ்சினுக்காகச் செய்தது. கடல்நீரால் குளிரும் இஞ்சினில் அதன் சாம்பல் ரிங்குகளிலும் பிளக்கிலும் படியும். டப்பாவில் டிசி டபிள்யூ 3 என்று போட்டிருக்கும் எண்ணெயைக் கேட்டு வாங்குங்கள். பாதி பெட்ரோலை ஊற்றி, எண்ணெயை விட்டு, குலுக்கி, மீதியை ஊற்றுவதே கலக்கும் முறை. முந்தைய நாள் கலந்ததையும் புறப்படும் முன் ஒருமுறை குலுக்கிவிடுங்கள்.

இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல் பழைய மோட்டாரைக் கெடுக்கும்னு சொல்றாங்களே, உண்மையா?

அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் 2025 முதல் பெட்ரோல் பங்க்குகளில் பரவலாகக் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய குழாய்கள், ஜவ்வுகள், ஓ வளையங்கள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை உப்பி, மென்மையாகி, உதிர்ந்து ஜெட்டை அடைக்கக்கூடும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கென விற்கும் குழாய்க்கு மாறிக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து தண்ணீர். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் டேங்கில் சிந்திய நீரையும் உறிஞ்சிக்கொள்ளும்; அளவு மீறியதும் எத்தனாலும் நீரும் சேர்ந்து தனி அடுக்காக டேங்கின் அடியில் பிரிந்து நிற்கும். நாம் கலந்த எண்ணெய் மேலே உள்ள பெட்ரோலோடு நின்றுவிட, அடியிலிருந்து இழுக்கும் குழாய் எண்ணெய் இல்லாத அந்த அடுக்கை இஞ்சினுக்கு அனுப்பும். பேரிங்கும் பிஸ்டனும் எண்ணெயின்றி ஓடிப் பிடித்துக்கொள்ளும். அதனால் பெட்ரோலை வாரக்கணக்கில் டேங்கில் வைக்காதீர்கள். ஐயமிருந்தால் கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் எடுத்து அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் முழு டேங்கையும் கொட்டிவிடுங்கள். மேலே உள்ளதை மட்டும் பயன்படுத்த நினைக்க வேண்டாம்.

பெட்ரோல் மோட்டாரை மண்ணெண்ணெயில ஓட்டலாமா?

மண்ணெண்ணெய்க்கென்றே செய்த மாடலாக இருந்தால் மட்டும். அவற்றில் கம்ப்ரஷன் குறைவாகவும் ஜெட்டின் அளவு வேறாகவும் இருக்கும். பெட்ரோல் மோட்டாரில் மண்ணெண்ணெயை ஊற்றினால் சுமையில் சிலிண்டருக்குள் தட்டும் ஒலி கேட்கும். பிஸ்டன் அதை நெடுநாள் தாங்காது. இலங்கையில் 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தபோது, இதே ஐயம் மறுபக்கமாக, மண்ணெண்ணெய் மோட்டாரைப் பெட்ரோலுக்கு மாற்றலாமா என்று எழுந்தது. அதற்கும் ஜெட்டும் ஹெட்டும் பொருந்த வேண்டும்.

மண்ணெண்ணெய் மோட்டாரைப் பெட்ரோலில் எழுப்பி, சூடான பிறகு மாற்றி, நிறுத்துவதற்குச் சற்று முன் மீண்டும் பெட்ரோலுக்குத் திருப்ப வேண்டும். இந்தக் கடைசிப் படியைத் தவிர்ப்பவர்களின் மோட்டார்தான் மறுநாள் காலை எழ மறுக்கும். கார்புரேட்டரில் நின்ற மண்ணெண்ணெய் குளிரில் தீப்பிடிக்காது.

தண்ணி பீச்சலை. உடனே இம்பெல்லரை மாத்தணுமா?

உடனே இஞ்சினை அணைக்க வேண்டும். மாற்றுவது அதற்குப் பின். முதலில் நீர் வெளிவரும் சிறு துளையில் மெல்லிய நைலான் நரம்பை விட்டுக் குத்துங்கள். உப்புக்கல்லோ மணலோ அடைத்திருக்கலாம். அடுத்து, கீழே நீர் உறிஞ்சும் சல்லடையில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் கியர் பெட்டியை இறக்க வேண்டும்.

கியர் கம்பியின் இணைப்பை முதலில் பிரித்து, பிறகு போல்ட்டுகளைக் கழற்றிக் கீழ்ப்பகுதியை நேராக இறக்குங்கள். பம்ப் பெட்டியைத் திறந்ததும் இம்பெல்லரின் இறகுகளை நிமிர்த்திப் பாருங்கள். நல்ல இறகு விட்டவுடன் நேராகும். பழையது வளைந்தபடியே கிடக்கும், அடிப்பகுதியில் வெடிப்பு தெரியும். ஓர் இறகு முறிந்திருந்தால் அந்தத் துண்டைக் கண்டுபிடிக்கும் வரை வேலை முடியவில்லை. அது மேலே நீர்க்குழாயில் போய் அடைத்திருக்கும். பம்பின் உள்சுவரிலும் அடித்தட்டிலும் விரல் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் அவற்றையும் மாற்றுங்கள், இல்லையேல் புது இம்பெல்லரும் அழுத்தம் தராது. பூட்டும்போது தண்டை அது வழக்கமாகச் சுற்றும் திசையில், அதாவது மேலிருந்து பார்க்கக் கடிகாரத் திசையில், சுற்றியபடி பெட்டியை அழுத்தினால் இறகுகள் சரியாக மடியும். தண்டின் பல்வரிக்குக் கிரீஸ் தடவுங்கள். அதன் தலை உச்சியில் மட்டும் அப்ப வேண்டாம், மேலே கிராங்கில் முழுதாக உட்கார விடாமல் அது தடுக்கும்.

புது இம்பெல்லர் போட்டும் இஞ்சின் சூடேறுகிறது என்றால் தெர்மோஸ்டாட்டையும் சிலிண்டரைச் சுற்றிய நீர்வழியையும் திறந்து பாருங்கள். தொடர்ந்து கடல்நீரில் ஓடிய மோட்டாரில் அங்கே உப்பு கல்லாக இறுகியிருக்கும். துளை வழியே நீர் பீச்சுவது பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. நீர் எல்லாச் சந்துக்கும் போகிறது என்பதற்கு அல்ல. தொழிலுக்கு ஓடும் மோட்டாரில் இம்பெல்லரை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவதே நல்லது. தண்ணீர் இல்லாமல் கரையில் சும்மா எழுப்பிப் பார்க்கும் பழக்கத்தைக் கைவிடுங்கள். காய்ந்த ரப்பர் சில நொடிகளிலேயே கருகத் தொடங்கும்.

சூடாகி நின்னுருச்சு. இப்ப கயிறு அசையவே மாட்டேங்குது.

குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள், தானே ஆறட்டும். ஆறிய பின் பிளக்குகளைக் கழற்றி, துளை வழியே டூ ஸ்ட்ரோக் எண்ணெயை விட்டு, ஓரிரவு வைத்து, ஃபிளைவீலைக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் இறுகியது மேலே உள்ள இஞ்சினா, கீழே உள்ள கியர் பெட்டியா என்பதைப் பிரித்தறிய வேண்டும்; கியர் பெட்டியை இறக்கிய பிறகு ஃபிளைவீல் சுற்றினால் பழுது கீழே. இஞ்சின் விடுபட்டாலும் அப்படியே ஓட்டாமல் கம்ப்ரஷனைச் சோதியுங்கள். சைலன்சர் பக்க மூடியைத் திறந்தால் பிஸ்டனில் கோடு விழுந்திருக்கிறதா என்று நேரில் பார்க்கலாம்.

கம்ப்ரஷன் எப்படிப் பாக்குறது? எவ்வளவு இருந்தா நல்லது?

எல்லாப் பிளக்கையும் கழற்றி, பாதுகாப்புக் கிளிப்பை எடுத்துவிட்டு, பிளக் தொப்பிகளை உடலோடு இணைத்து, ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து, அளவுமானியைத் துளையில் திருகி, முள் மேலே ஏறுவது நிற்கும் வரை கயிற்றை இழுங்கள். பொதுவாகப் பெட்ரோல் மோட்டாரில் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்கு மேல் இருந்தால் நிம்மதி. எண்ணைவிட முக்கியம் சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடு: அது 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மிகக் குறைந்திருந்தால் அந்தச் சிலிண்டரில் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளங்கள். எண்ணிக்கை ஏறினால் ரிங், ஏறாவிட்டால் கேஸ்கட் அல்லது பிஸ்டன்.

கியர் ஆயில் வெள்ளையா, பால் கலந்த மாதிரி வருது.

கியர் பெட்டிக்குள் கடல்நீர் போயிருக்கிறது. காற்றாடியை, அதாவது நீரைத் தள்ளும் புரொப்பல்லரை, கழற்றி அதன் பின்புறத் தண்டைப் பாருங்கள். அங்கே வலை நரம்பு இறுகச் சுற்றி, சூட்டில் உருகி, கறுத்த வளையமாக சீலின் உதட்டில் புதைந்திருக்கும். அதைக் கத்தி முனையால் நெம்பி எடுத்தால், ரப்பரில் அது அறுத்த பள்ளம் கண்ணுக்குத் தெரியும். நம் கரைகளில் கியர் பெட்டி போவதற்கு இந்த நரம்பைப் போல வேறு காரணம் இல்லை என்றே சொல்வேன். சீலையும், ஆயில் திருகுகளின் வாஷர்களையும் மாற்றுங்கள்.

ஆயிலை நிரப்பும்போது கீழ்த் துளை வழியே ஏற்றி, மேல் துளையில் வழியும் வரை விட்டு, மேல் திருகை முதலில் மூடிவிட்டுக் கீழ்த் திருகை மூடுங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று சிக்கி அளவு குறையும். சீல் மாற்றி ஓரிரு நாள் ஓடிய பின் மீண்டும் கீழ்த் திருகைத் தளர்த்திச் சில துளி பார்த்துவிடுங்கள்.

இஞ்சின் கத்துது, படகு போகலை.

காற்றாடியின் நடுவே உள்ள ரப்பர் புஷ் நழுவுகிறது. சிறிய மோட்டார்களில் பாதுகாப்புப் பின் முறிந்திருக்கும். காற்றாடியின் உட்குழலிலும் வெளிக்குழலிலும் ஒரே நேரில் கோடு போட்டு, சுமையில் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடுகள் விலகியிருந்தால் புஷ் போய்விட்டது. முறிந்த பின்னுக்குப் பதில் இரும்பு ஆணி போட வேண்டாம், அடுத்த முறை பாறையில் தட்டினால் கியர் பல் முறியும். இரண்டும் சரி என்றால் மோட்டார் உயரத்தைப் பாருங்கள்: காற்றாடிக்கு மேலே உள்ள தட்டு படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ சற்றே கீழாகவோ இருக்க வேண்டும்.

அண்ணே, மோட்டார் கடல்ல விழுந்துருச்சு. இப்பத்தான் தூக்கினோம். என்ன செய்யணும்?

இங்கே நேரம்தான் எல்லாம். நீருக்குள் கிடக்கும்போது அரிப்பு மெதுவாக நடக்கும். வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் கிராங்க் பேரிங்குகளில் சில மணி நேரத்திலேயே துரு பிடிக்கும். உடனே வேலை பார்க்க முடியாது என்றால், நல்ல தண்ணீர் நிறைந்த டிரம்மில் முழுவதும் மூழ்க வைத்துவிடுவது வெயிலில் காய வைப்பதைவிட மேல்.

ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்ததா, ஓடாதபோது விழுந்ததா என்று முதலில் கேளுங்கள். ஓடும்போது விழுந்திருந்தால் சிலிண்டருக்குள் புகுந்த நீர் கனெக்டிங் ராடை வளைத்திருக்கலாம்; பிளக்கைக் கழற்றிய பின்னும் ஃபிளைவீல் இடறினால் வலுக்கட்டாயமாகச் சுற்றாமல் பிரித்துப் பார்க்க வேண்டும். மணல் புகுந்திருந்தாலும் அப்படியே.

மற்றபடி, மேல்மூடியை எடுத்து, நல்ல தண்ணீரால் எங்கும் கழுவி, பிளக் துளைகள் கீழ்நோக்கும்படி படுக்க வைத்து, ஃபிளைவீலைச் சுற்றி நீரை வடியுங்கள். கார்புரேட்டர் கிண்ணம், பெட்ரோல் பம்ப், குழாய்கள் எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். மின் இணைப்புகளைப் பிரித்துக் கழுவி உலர்த்துங்கள். கார்புரேட்டர் வாயிலும் பிளக் துளைகளிலும் எண்ணெயைத் தாராளமாக விட்டுச் சுற்றுங்கள். புது பிளக், புது பெட்ரோல், இரட்டை அளவு எண்ணெயோடு அன்றைக்கே எழுப்பி, டிரம்மில் குறைந்தது அரைமணி நேரமாவது ஓட்டி, உள்ளே மீந்த ஈரம் ஆவியாகும்படி செய்யுங்கள். எழவில்லை என்றால் எண்ணெயை நிரப்பி மெக்கானிக்கிடம் அன்றைக்கே கொண்டுபோங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் பேரிங் பாழாகும்.

போல்ட்டு கழற மாட்டேங்குது, தலை உடைஞ்சு போகுது.

எஃகு போல்ட்டும் அலுமினிய உடலும் உப்புநீரில் சேர்ந்து அரித்து, வெள்ளைப் பொடி இறுகிப் பிடித்திருக்கிறது. துரு நீக்கும் எண்ணெயைத் தொடர்ந்து சில நாள் விட்டு, சுத்தியலால் தலையில் மெதுவாகத் தட்டி, போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கி, முதலில் இறுக்கும் பக்கம் சிறிது அசைத்துப் பிறகு கழற்றுங்கள். சூடாக்கும் முன் பெட்ரோலை முழுவதும் அகற்றுங்கள். திரும்பப் பூட்டும்போது கடல்நீருக்கான கிரீஸ் தடவினால் அடுத்த முறை இந்தத் தொல்லை இல்லை.

அரிப்பைத் தடுக்க மோட்டாரில் பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்தவுடன் மாற்றுங்கள். அது தன்னைக் கொடுத்து மோட்டாரைக் காக்கிறது, அதனால் அதன்மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது. கரை திரும்பியதும் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டுவதற்கு ஈடான வேறு பராமரிப்பு எதுவும் இல்லை. குடிநீரே விலைக்கு வாங்கும் ஊர்களில் இது எளிதல்ல என்று எனக்குத் தெரியும். ஒரு டிரம் தண்ணீரை நான்கைந்து மோட்டாருக்கு அடுத்தடுத்துப் பயன்படுத்தி, உப்பு ஏறியதும் மாற்றினாலும் அது கடல்நீரைவிடப் பல மடங்கு மேல்.

ஸ்லோவில வைச்சா வேகம் தானா ஏறி இறங்குது. திருகை எவ்வளவு திருப்பினாலும் அடங்கலை.

காற்று எங்கோ கூடுதலாகப் புகுகிறது. ஸ்லோவில் ஓடும்போது கார்புரேட்டர் அடி, ரீட் பெட்டி (உள்ளே போகும் காற்றைத் திரும்ப விடாத வால்வுப் பெட்டி), கிராங்க் அறை இணைப்பு ஆகிய இடங்களில் சிறிது சோப்பு நீரைத் தெளியுங்கள். ஓட்டம் மாறும் இடத்தில் கசிவு இருக்கிறது. வெளியே எங்கும் மாறவில்லை என்றால் கிராங்கின் மேல் சீல் அல்லது கீழ் சீல் தேய்ந்திருக்கும். அப்போது கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் தீராது; பெட்ரோல் குறைந்து சூடேறும் சிலிண்டர்தான் முதலில் போகும். இதை நம்பகமான பட்டறையில் பிரித்து சீல் மாற்றுவது நல்லது.

டிரம்முல பாட்டு மாதிரி ஓடுது, கடல்ல போனா இழுக்கலை. எல்லாரும் மோட்டார்ல குறையே இல்லன்னு சொல்றாங்க.

டிரம்மில் இஞ்சினுக்குச் சுமை இல்லை, அதனால் சின்ன ஜெட்டும் அரைகுறைப் பொறியும் போதும். கடலில் ஆளும் வலையும் ஐஸும் ஏறிய படகைத் தள்ளும்போதுதான் பெரிய ஜெட், பம்ப், பொறி மூன்றும் முழு வேலை செய்கின்றன. ஆகவே சோதனையைக் கடலில், கரைக்கு அருகே, துடுப்பும் இன்னொரு படகும் துணைக்கு இருக்கச் செய்யுங்கள். முழு வேகத்தில் திணறும்போது பல்பை அழுத்துங்கள். பிடித்தால் வரத்துக் குறை. சோக்கைச் சற்றே இழுங்கள். வேகம் ஏறினால் பெரிய ஜெட்டில் அடைப்பு.

இரண்டுக்கும் மாற்றமில்லை என்றால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லையா என்று பாருங்கள். திணறும் வேகத்திலேயே பாதுகாப்புக் கிளிப்பை இழுத்து அணைத்துவிட்டு, ஸ்லோவில் ஓட்டாமல் அப்படியே பிளக்குகளைக் கழற்றி, முனைகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒன்று பழுப்பாகவும் மற்றது நனைந்து கறுத்தும் இருந்தால் கறுத்த சிலிண்டர் சுமையில் எரியவில்லை. காயிலை இடம் மாற்றிப் பார்த்து, பின் கம்ப்ரஷனை அளங்கள். இரண்டும் ஒரே நிறத்தில் நன்றாக இருந்தால் இஞ்சினை விட்டுவிட்டு, காற்றாடி புஷ், இறகு வளைவு, மோட்டார் உயரம், படகின் அடியில் ஒட்டிய கொட்டலசு ஆகியவற்றைப் பாருங்கள். கொட்டலசு மொய்த்த படகை எந்தப் புது மோட்டாராலும் பழைய வேகத்தில் தள்ள முடியாது.